ஃபயர்வால் முதல் பேக்கப் வரை ஒரே கம்பெனியிடம் கொடுக்கலாமா?

எண்ணூர்_ரோடு எழுதியது:

வணக்கம். திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ஐடி பார்க்கிறேன். யார்டில் கேட், எடை மேடை, கிடங்கு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸ். எல்லாம் சேர்த்து நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்ப்யூட்டர் இருக்கும். ஆள் என்று பார்த்தால் நானும் ஒரு பையனும்தான். அந்தப் பையனையும் பாதி நேரம் பிரின்டர் பார்க்கக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் ஒரு கம்பெனி, ஆன்டிவைரஸ் வேறு கம்பெனி, மெயில் ஃபில்டர் இன்னொன்று, பேக்கப் தனி. ரெனியூவல் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதம். இப்போது ஒரு டீலர் வந்து, "சார், எல்லாத்தையும் ஒரே பிளாட்ஃபார்முக்கு மாத்திடலாம். பழைய லைசென்ஸ் முடியுற வரைக்கும் எங்களோடது ஃப்ரீ. மூணு வருஷ ஒப்பந்தம் போட்டா போதும்" என்கிறார். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே பில், பிரச்சினை என்றால் ஒருத்தன் சட்டையைப் பிடித்தால் போதும் என்பது அவர் கணக்கு.

எனக்குத்தான் ஒட்டவில்லை. இலவசமாகக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்? இப்படி மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். துறைமுகம், லாஜிஸ்டிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

பாரிமுனை_பாக்கெட் எழுதியது:

அந்த "பழையது முடியும் வரை ஃப்ரீ" என்ற பேச்சு டீலர் கண்டுபிடித்தது இல்லை நண்பா. 2024 பிப்ரவரியில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க செக்யூரிட்டி கம்பெனி பகிரங்கமாக அறிவித்த உத்தி அது. உங்கள் டீலர் எந்த பிராண்டைக் காட்டினார் என்று தெரியாது. ஆனால் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் எல்லா பிராண்டின் கணக்கும் புரியும்.

2005இல் நிர் ஸுக் தொடங்கிய கம்பெனி. அதற்கு முன் செக் பாயின்ட் என்ற ஃபயர்வால் கம்பெனியில் வேலை பார்த்தவர். போர்ட் எண்ணை மட்டும் பார்த்து விடுகிற பழைய ஃபயர்வாலுக்குப் பதில், உள்ளே ஓடுவது எந்த ஆப் என்று அடையாளம் கண்டு விதி போடுகிற பெட்டியைக் கொண்டுவந்து பெயர் எடுத்தார்கள். 2018இல் நிகேஷ் அரோரா தலைமைக்கு வந்தார். கூகுள், சாஃப்ட்பேங்க் வழியாக வந்தவர், செக்யூரிட்டி ஆள் கிடையாது. வந்ததும் வாங்க ஆரம்பித்தார். டெமிஸ்டோ, ட்விஸ்ட்லாக், எக்ஸ்பான்ஸ் என்று வரிசையாகச் சின்னக் கம்பெனிகள். ஃபயர்வால் ஸ்ட்ராட்டா, கிளவுட் பக்கம் பிரிஸ்மா, கண்காணிப்புப் பக்கம் கார்டெக்ஸ் என்று அடுக்கினார்கள்.

பிறகுதான் அந்த 2024 அறிவிப்பு. போட்டிக் கம்பெனியோடு உங்கள் ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறதா, அது முடியும் வரை எங்களுடையதை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பணம் கொடுங்கள். வருமானம் கொஞ்ச காலம் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். மறுநாள் பங்கு விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அப்படியும் பின்வாங்கவில்லை. அதே ஆண்டு ஐபிஎம்மின் கியூரேடார் என்ற கண்காணிப்பு கிளவுட் சேவையை 50 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2025 ஜூலையில் சைபர்ஆர்க்கை சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். இஸ்ரேல் கம்பெனி, அட்மின் பாஸ்வேர்டுகளைக் காப்பதில் முன்னோடி. திருடன் இப்போதெல்லாம் சுவரை உடைப்பதில்லை, யாருடைய லாகினையோ எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே வருகிறான். லாகின் கையில் இல்லாவிட்டால் பிளாட்ஃபார்ம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவர்கள் மட்டுமில்லை. கண்காணிப்பு மென்பொருள் விற்கும் ஸ்ப்ளங்க் நிறுவனத்தை சிஸ்கோ 2,800 கோடி டாலருக்கு வாங்கி 2024 மார்ச்சில் முடித்தது. கிளவுட் செக்யூரிட்டி பார்க்கும் விஸ் நிறுவனத்துக்கு கூகுள் 3,200 கோடி டாலர் பேசியது 2025 மார்ச்சில். மைக்ரோசாஃப்ட் தனியாக விற்கக்கூட வேண்டாம், பெரிய லைசென்ஸுக்குள் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே லாபம் என்ன என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: முதல் வருடத்தில் ஒன்றுமில்லை. நான்காவது வருடத்தில், நீங்கள் வெளியே போக முடியாதபோது இருக்கிறது.

ரிச்சி_தெரு_ரமணா எழுதியது:

நான் டீலர்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களை வில்லனாக்காதீர்கள் சார்.

உங்களைப் போன்ற ஆபீஸுக்கு ஒரே பெட்டி என்பது புதுசே இல்லை. இருபது வருடமாக யூடிஎம் என்று விற்றது என்ன? ஃபயர்வால், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக நுழையும் விபிஎன், ஆன்டிவைரஸ், வெப் ஃபில்டர் எல்லாம் ஒன்றில். அகமதாபாத்தில் பிறந்த சைபரோம் பெட்டி இல்லாத காலேஜ் அப்போது எது? ஃபோர்டிநெட் வளர்ந்ததும் அதே வழியில்தான். இருபது முப்பது பொருள் வாங்கிக் குவித்தவை பெரிய வங்கிகளும் பெரிய ஐடி கம்பெனிகளும். அவர்கள் இன்றைக்கு ஒன்றாக்கு என்று ஓடுவதைப் பார்த்து நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், பூ, மேளம் எல்லாவற்றையும் ஒரே காண்டிராக்டரிடம் விடுவது மாதிரிதான். கொஞ்சம் கூடவே கேட்பார், ஆனால் தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் பூக்காரரைத் தேடி ஓட வேண்டாம்.

பாரிமுனை_பாக்கெட் எழுதியது:

ரமணா அண்ணே, சைபரோமை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. 2014இல் அதை பிரிட்டன் செக்யூரிட்டி கம்பெனி ஸோபோஸ் வாங்கியது. அப்புறம் அந்தப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஸோபோஸ் பக்கம் போக வேண்டியதானது. கியூரேடார் கிளவுட் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதை, பாலோ ஆல்டோவின் சொந்தக் கண்காணிப்புப் பொருளான எக்ஸ்சியாமுக்கு மாறுங்கள் என்றார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கம்பெனி ஒன்று, கடைசியில் போய்ச் சேர்ந்த கம்பெனி இன்னொன்று. தனித்தனியாக வாங்கினாலும் இது நடக்கும்தான், ஆனால் அப்போது ஒரு சாமான் மட்டும்தான் மாறும்.

மணலி_ஷிஃப்ட் எழுதியது:

மணலியில் ஒரு ஆலையில் கன்ட்ரோல் சிஸ்டம் பக்கம் இருக்கிறேன். ஒரே வார்த்தை: 2024 ஜூலை 19.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற செக்யூரிட்டி கம்பெனி காலை 9.39க்கு ஒரு அப்டேட் அனுப்பியது, நம்ம நேரம். 10.57க்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த கணக்கு அது. நம்ம நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்டேட்டைத் திரும்ப எடுத்தும் ஏற்கனவே விழுந்த மெஷின்களுக்குப் பெரிதாகப் பயனில்லை, பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் ஏற்றி ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்க்ரிப்ட் செய்திருந்தால் ரெக்கவரி கீ வேறு தேட வேண்டும்.

ஒரே கையில் எல்லாம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

லாக்_புத்தகம் எழுதியது:

மணலி, கோபித்துக்கொள்ளாதே. அது பிளாட்ஃபார்முக்கு எதிரான சாட்சி இல்லை. அன்றைக்கு விழுந்தது ஒரே ஒரு ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு மெஷினிலும் இருந்து காவல் பார்க்கும் மென்பொருள். விண்டோஸின் ஆழத்தில், கெர்னலில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட். ஃபயர்வால் ஒருவர், மெயில் ஒருவர், பேக்கப் ஒருவர் என்று பத்துக் கடையில் வாங்கியிருந்தவனுக்கும் அதே நீலத் திரைதான்.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. எல்லா மெஷினுக்கும் ஒரே நொடியில் அப்டேட் போகக் கூடாது. முதலில் ஆபீஸில் ஐந்தாறு மெஷின், மறுநாள் மீதி, கேட்டும் எடை மேடையும் கடைசியில். டீலரிடம் இதைக் கேளுங்கள் எண்ணூர். ஏஜென்ட் மென்பொருளைப் படிப்படியாக விடும் வசதி பலரிடமும் இருக்கிறது. வைரஸ் அடையாள ஃபைல்களுக்கும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்றைக்குப் போனது அந்த வகை ஃபைல்தான். அதைத் தள்ளிப்போட வாடிக்கையாளர்களுக்கு அப்போது வழி இல்லை, பிறகுதான் கொடுத்தார்கள்.

மணலி_ஷிஃப்ட் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், சாட்சி கொஞ்சம் ஆட்டம்தான். ஆனால் செக்யூரிட்டி பெட்டியே ஓட்டையாக இருந்தால்? 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோவின் குளோபல் புரொடெக்ட் விபிஎன்னில் கண்டுபிடித்த ஓட்டைக்குத் தீவிர மதிப்பெண் 10க்கு 10. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்து ஃபயர்வாலில் கட்டளை ஓட்டலாம். ஓட்டையை அடைக்கும் பேட்ச் வருவதற்கு முன்பே பயன்படுத்திவிட்டார்கள். ஃபோர்டிநெட், இவான்டி என்று மற்றவர்களுக்கும் இதே வரலாறு உண்டு, ஒருவரை மட்டும் சொல்லவில்லை. ஃபயர்வாலில் நுழைந்தவன் அதே கம்பெனியின் கண்காணிப்பு, அதே கம்பெனியின் லாகின் என்று போக ஆரம்பித்தால் யார் பார்த்துச் சொல்வார்கள்? வேறு கம்பெனி ஏஜென்டாக இருந்தால் அதுவாவது சத்தம் போடும்.

தண்டையார்பேட்டை_ஆடிட்டர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். சிஸ்டம் ஆடிட் செய்வது என் தொழில். மேலே எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பியின் ஆபீஸில் இரண்டு பேர்தான் என்பதை மறந்துவிட்டீர்கள்.

மத்திய அரசின் சைபர் அவசரக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவு: தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எல்லா சிஸ்டம் லாகும் (என்ன நடந்தது என்று மெஷின் தானே எழுதும் பதிவு) 180 நாள் இருக்க வேண்டும், இந்திய எல்லைக்குள். எல்லாக் கடிகாரமும் மத்திய அரசின் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. நான் போகும் இடங்களில் ஃபயர்வால் ஒரு நேரம் காட்டும், சர்வர் வேறு நேரம் காட்டும், சிசிடிவி அதன் இஷ்டத்துக்கு ஓடும். எது முதலில் நடந்தது என்று அடுக்கவே முடியாது. இதைச் சரிசெய்யப் பைசா செலவில்லை, எந்த பிளாட்ஃபார்மும் வேண்டாம்.

இப்போது ஒரு சனிக்கிழமை ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மெயில் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆளின் மெஷினில் ஆன்டிவைரஸ் ஏதோ முனகுகிறது. பிறகு ஃபயர்வாலில் தெரியாத ஊருக்கு டேட்டா போகிறது. தனித்தனித் திரையில் தனித்தனி மஞ்சள் விளக்கு. ஒன்றாகப் பார்த்தால்தான் சிவப்பு. திங்கட்கிழமை தம்பி வந்து எதை முதலில் திறப்பார்? ஒருங்கிணைப்பு தேவைப்படுவது இந்த இடத்தில்தான். இதை நான் விற்பனைப் பேச்சு என்று தள்ளமாட்டேன்.

ஆனால் லாகெல்லாம் ஓரிடத்தில் சேர்வது வேறு, எல்லாப் பொருளும் ஒரே கம்பெனி என்பது வேறு. முதலாவதை வாங்க இரண்டாவதை வாங்கியே தீர வேண்டும் என்று டீலர்கள் பேசுகிறார்கள். நம்ம ஊர் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சினில் லாகைச் சேர்க்க லாக் 360 இருக்கிறது. அதே வேலைக்கு வாஸூ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அதை வளர்க்க ஆள் வேண்டும், உங்களிடம் இல்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: லாக் எந்த நாட்டில் இருக்கிறது, 180 நாளுக்கும் சேர்த்து விலை சொன்னார்களா அல்லது 30 நாளுக்கா, ஒப்பந்தம் முடிந்து போகும்போது அந்த லாகை எடுத்துப் போகலாமா. நடுவில் சொன்னதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டேட்டா பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று பயமுறுத்துவார்கள். அது உண்மைதான். அதற்காக அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

எண்ணூர்_ரோடு எழுதியது:

அக்கா, நன்றி. இப்போதே கோட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். 30 நாள்தான் போட்டிருக்கிறார்கள்.

மண்ணடி_டோக்கன் எழுதியது:

பெரிய ஆட்கள் பேசும் இடத்தில் சின்னவன் ஒருவன். மண்ணடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ், விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் கம்ப்யூட்டர். இழையைப் படித்துக்கொண்டே பக்கத்து மேஜையைப் பார்த்தேன். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் எண்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) போட வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலையிலிருந்து மெஷினிலேயே சொருகி இருக்கிறது. பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. இது எங்கள் ஆபீஸில் மட்டும் என்று நினைத்தால் இந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். 2,500 கோடி டாலர் கொடுத்து யாரை யார் வாங்கினாலும் இந்த டோக்கனை யார் பிடுங்குவது?

இன்னொன்று, எங்கள் பக்கம் பணம் போவது வைரஸால் இல்லை. சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடமிருந்து வருவது போலவே ஒரு மெயில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்." முகவரியில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். சில சமயம் வித்தியாசமே இருக்காது, அவர்கள் மெயில்பாக்ஸே போயிருக்கும். தெரிந்த ஒரு ஆபீஸுக்கு இது நடந்தது. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்ததால் ஒரு பகுதி நின்றது. அவர்களிடம் விலை உயர்ந்த ஃபில்டர் இருந்தது. இல்லாதது, பணம் போடும் முன் பழைய நம்பருக்கு ஒரு போன் அடிக்கும் பழக்கம்.

ரிச்சி_தெரு_ரமணா எழுதியது:

டோக்கன் விஷயத்தில் வாயே திறக்கமாட்டேன். நூற்றுக்கு நூறு.

மட்டுறுத்துநர்: விலைப்பட்டியலை அப்படியே ஒட்டிய ஒரு பதிவு நீக்கப்பட்டது. தனிமடலில் பேசிக்கொள்ளவும்.

லாக்_புத்தகம் எழுதியது:

பேக்கப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே. தலைப்பில் இருக்கிறது!

எண்ணூர், கன்டெய்னர் தொழிலில் இருப்பதால் இந்தக் கதை உங்களுக்குப் பிடிக்கும். 2017 ஜூன் 27, நாட்பெட்யா என்ற அழிவு வைரஸ். உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி டென்மார்க் கப்பல் கம்பெனியான மேர்ஸ்கை உலகம் முழுக்கச் சாய்த்தது. நம்ம நாட்டில் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினல் நின்றது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் திரும்ப ஏற்றினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று அவர்களே சொன்னார்கள். யார் யார் எந்த மெஷினில் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாமே போய்விட்டன, கானாவில் ஒன்றைத் தவிர. அங்கே அந்த நேரம் கரன்ட் போயிருந்ததால் அது மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். கரன்ட் கட்டுக்கு நன்றி சொன்ன ஒரே ஐடி டிபார்ட்மென்ட் அதுவாகத்தான் இருக்கும், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்.

அந்த டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஒன்றில் நடப்பது எல்லாவற்றிலும் நடக்கும். பேக்கப்பையும் அதே பிளாட்ஃபார்மில், அதே அட்மின் லாகினில் வைத்தால் நீங்கள் கட்டுவதும் அதைத்தான். மற்றதை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். பேக்கப் வேறு கம்பெனி, வேறு பாஸ்வேர்டு, ஒரு பிரதி நெட்வொர்க்கிலேயே இல்லாமல்.

மணலி_ஷிஃப்ட் எழுதியது:

இதில் ரமணா அண்ணன் உட்பட யாரும் சண்டை போடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் கரன்டும் இல்லை, ஃபைபரும் இல்லை. சாதாரண நாளிலேயே யாராவது பள்ளம் தோண்டி அறுத்துவிடுவார்கள். இந்த பிளாட்ஃபார்ம் எல்லாம் கிளவுடில்தானே உட்கார்ந்திருக்கிறது?

பாரிமுனை_பாக்கெட் எழுதியது:

ஏஜென்டும் ஃபயர்வாலும் கடைசியாக வாங்கிய விதியோடு வேலை செய்துகொண்டே இருக்கும். நீங்கள்தான் திரையைப் பார்க்க முடியாது, விதியை மாற்ற முடியாது. கிளவுடில் லாகின் கேட்கும் விபிஎன் என்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் வெளியே நிற்பார்கள். இரண்டாவது லைன் வேறு வழியாக, முடிந்தால் வயர்லெஸ்ஸில் வையுங்கள்.

அப்புறம் டெமோவில் ஒரு சோதனை. எந்தக் கம்பெனியும் "எல்லாம் ஒரே திரை" என்பார்கள். வாங்கிச் சேர்த்த பொருள்களைப் பெயர் மாற்றி அடுக்கியிருக்கிறார்களா, உண்மையில் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு ஊழியரின் பெயரைக் கொடுங்கள். இந்த ஆளை இப்போதே நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். மெயில், மெஷின், விபிஎன் மூன்றும் ஒரே இடத்திலிருந்து நிற்கிறதா, அல்லது மூன்று டேப் திறந்து மூன்று முறை லாகின் போடுகிறாரா என்று பாருங்கள். விற்க வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கீபோர்டைத் தொடும் இடம் அது ஒன்றுதான்.

எண்ணூர்_ரோடு எழுதியது:

சொன்ன மாதிரியே டெமோ கேட்டேன். மெஷினும் விபிஎன்னும் ஒரே இடத்திலிருந்து நின்றன. மெயிலுக்கு வேறு டேப், வேறு லாகின். கேட்டதற்கு, அது "ரோட்மேப்பில்" இருக்கிறதாம்.

முதலாளியோடு உட்கார்ந்து பேசியதில் இப்போதைக்கு முடிவு இது. ஏஜென்டும் லாகும் புதிய கம்பெனியிடம், ஒரே வருட ஒப்பந்தம். இப்போதுள்ள ஃபயர்வால் அதன் காலம் முடியும் வரை இருக்கட்டும், அதன் லாகைப் புதிய திரைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம், அது வேலை செய்கிறது. மெயில் ஃபில்டரைத் தொடவில்லை. பேக்கப் வெளியேதான். இலவசக் காலம் வேண்டாம் என்றதும் விலை குறைந்தது எனக்கே ஆச்சரியம். 180 நாள் லாகுக்குத் தனியாகக் கேட்டார்கள். லாகின் காக்கும் மாட்யூல் ஒன்றைச் சேர்த்து விற்கப் பார்த்தார்கள், அந்தப் பணத்தில் ராத்திரிக் கண்காணிப்புச் சேவை எடுத்துக்கொண்டோம். ஆடிட்டர் அக்கா சொன்ன சனிக்கிழமை ராத்திரிதான் காரணம்.

மண்ணடி ஆபீஸுக்குப் பூட்டு வைத்த டிராயர் ஒன்று வாங்கியாச்சு, டோக்கன்களுக்கு. அதற்கு மட்டும் முதலாளி மூன்று கோட்டேஷன் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை_ஆடிட்டர் எழுதியது:

நல்லது தம்பி. ராத்திரி சேவைக்காரர்களுக்கு யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டு எடுக்காவிட்டால் அவர்களே மெஷினைத் துண்டிக்கலாமா என்று எழுதிக் கொடுங்கள். கேட் மெஷினையும் எடை மேடையையும் அந்த அனுமதியிலிருந்து தனியாகப் பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பொய் எச்சரிக்கை ஒன்றுக்கு எண்ணூர் ரோடு முழுக்க லாரி நிற்கும். லாகை எடுத்துப் போகும் விதியில் எந்த ஃபார்மேட், எத்தனை நாளுக்குள் என்பதும் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் வேண்டுமானால் வரைவைத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.